மைஎஸ்கியூஎல் 1064: புரியாத சின்டாக்ஸ் பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைஎஸ்கியூஎல், மரியாடிபி ஆகிய டேட்டாபேஸ் மென்பொருள்களில் வேலை பார்ப்பவர்களுக்கு 1064 என்ற எண் நன்றாகத் தெரிந்திருக்கும். "உங்கள் எஸ்கியூஎல் சின்டாக்ஸில் பிழை இருக்கிறது, உங்கள் சர்வர் பதிப்புக்கான கையேட்டைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு, 'நியர்' என்று போட்டு க்வெரியின், அதாவது டேட்டாபேஸுக்கு நாம் அனுப்பும் கட்டளையின், ஒரு துண்டைக் காட்டும். அந்தத் துண்டைத் திரும்பத் திரும்பப் படித்தாலும் அதில் தப்பு தெரியாது. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இந்தப் பிழையோடு அரை நாள் போராடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும், ஏனென்றால் செய்தியைப் படிக்கத் தெரிந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிகிற வேலை இது.

கீழே கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்திருக்கிறேன். செலக்ட், ஃப்ரம், வேர் போன்றவற்றை நீங்கள் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். டேபிள் பெயர்களும் ஃபீல்டு பெயர்களும் தமிழில் இருக்கலாம், மைஎஸ்கியூஎல் அவற்றை மேற்கோள் இல்லாமலேயே ஏற்றுக்கொள்ளும்.

இந்தப் பிழைச் செய்தி உண்மையில் என்ன சொல்கிறது?

அதில் நான்கு தகவல்கள் இருக்கின்றன. 1064 என்பது மைஎஸ்கியூஎல்லின் சொந்த எண், பார்சர், அதாவது கட்டளையின் இலக்கணத்தை (சின்டாக்ஸை) படித்துப் பார்க்கும் பகுதி, தடுக்கி நின்றுவிட்டது என்று பொருள். 42000 என்பது எஸ்கியூஎல்ஸ்டேட் எனப்படும் பொதுக் குறியீடு. 'நியர்' என்பதற்குப் பிறகு மேற்கோளுக்குள் வருவது, பார்சர் எந்த இடத்தில் நின்றதோ அங்கிருந்து ஆரம்பிக்கும் க்வெரித் துண்டு. கடைசியில் 'அட் லைன்' என்று வரி எண்.

பார்சர் என்ன செய்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். அது க்வெரியை இடமிருந்து வலமாக, ஒவ்வொரு சொல்லாகப் படிக்கிறது. 'இதுவரை படித்ததற்குப் பிறகு இலக்கணப்படி இன்னின்ன சொற்கள்தான் வரலாம்' என்று அதனிடம் ஓர் அட்டவணை இருக்கிறது. வந்த சொல் அந்த அட்டவணையில் இல்லையென்றால் அதே நொடியில் நின்றுவிடும், நின்ற இடத்திலிருந்து மீதியைக் காட்டும். நீங்கள் என்ன எழுத நினைத்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. ஒரு காற்புள்ளி விட்டுப்போனதும் தெரியாது, டேபிள் பெயர் தவறாக ஒட்டிக்கொண்டதும் தெரியாது. இந்தச் சொல் இங்கே வரக்கூடாது என்பது மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று: நியர் துண்டு அதிகபட்சம் 80 எழுத்துகள்தான். க்வெரி அதோடு வெட்டுப்பட்டது போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். உங்கள் க்வெரி முழுசாகத்தான் போயிருக்கிறது, காட்டுவதைத்தான் சுருக்கிவிட்டார்கள்.

நியருக்குப் பிறகு வரும் சொல்லில் தப்பே இல்லையே?

பெரும்பாலும் இருக்காது. அந்தச் சொல்லுக்கு உடனே இடதுபக்கம் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எளிய உதாரணம்:

செலக்ட் பெயர், ஊர், ஃப்ரம் மாணவர்

இதற்கு 'ஃப்ரம் மாணவர்' என்று நியர் வரும். ஃப்ரம் சரியாகத்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் தேவையில்லாத காற்புள்ளி இருப்பதால், பார்சர் இன்னொரு ஃபீல்டு பெயரை எதிர்பார்த்துக் காத்திருந்தது. டேபிள் உருவாக்கும்போது கடைசி ஃபீல்டுக்குப் பிறகு காற்புள்ளி விட்டால், அதே காரணத்துக்காக நியரில் அடைப்புக்குறியின் மூடும் பக்கம் வந்து நிற்கும்.

சற்றுக் கடினமான உதாரணம் இது. பிஹெச்பி-யிலோ ஜாவாவிலோ க்வெரியை இரண்டு வரியாகப் பிரித்து எழுதி ஒட்டுகிறோம். முதல் வரியின் கடைசியில் இடைவெளி விட மறந்துவிட்டோம். சர்வருக்குப் போவது இது:

செலக்ட் * ஃப்ரம் மாணவர்வேர் ஐடி = 5

பிழையில் நியர் '= 5' என்று வரும். சமன் குறியில் என்ன தப்பு, 5-இல் என்ன தப்பு என்று தேடினால் எதுவும் கிடைக்காது. பார்சரின் கண்ணால் படியுங்கள்: 'மாணவர்வேர்' என்று ஒரு டேபிள். அதற்குப் பிறகு வந்த 'ஐடி' அந்த டேபிளுக்கு வைத்த மாற்றுப்பெயர், அதாவது ஏலியஸ். ஏஸ் என்ற சொல் இல்லாமலும் ஏலியஸ் வைக்கலாம் என்பதால் இதுவரை எல்லாம் இலக்கணப்படி சரி. அப்புறம் வந்தது சமன் குறி. ஏலியஸுக்குப் பிறகு சமன் குறி வர முடியாது, அங்கே நின்றுவிட்டது. உண்மையான தப்பு இரண்டு சொல் முன்னாடியே நடந்துவிட்டது.

ஏலியஸ் என்ற இந்த வசதிதான் பல புதிர்களுக்குக் காரணம். தெரியாத எந்தச் சொல்லையும் பார்சர் ஏலியஸாக எடுத்துக்கொண்டு ஓர் அடி கூடுதலாக நடந்துவிடும். அதனால் பிழை தெரியும் இடம் தப்பு நடந்த இடத்திலிருந்து தள்ளிப்போய்விடுகிறது.

நியர் '' என்று வெறுமையாக வருகிறது. என்ன பொருள்?

க்வெரி முடிந்துவிட்டது, பார்சர் இன்னும் எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தது என்று பொருள். இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். ஒன்று, திறந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை. இன்னொன்று, 'வேர் ஐடி =' என்பதோடு க்வெரி நின்றுவிட்டது, அதாவது அங்கே வர வேண்டிய மாறி காலியாக இருந்தது. இரண்டாவது என்றால் எஸ்கியூஎல்லில் தேட வேண்டாம், அந்த மாறிக்கு மதிப்பு ஏன் வரவில்லை என்று உங்கள் நிரலில் தேடுங்கள்.

மேற்கோள் குறியை மூடாமல் விட்டால் வேறு மாதிரி தெரியும். திறந்த மேற்கோளிலிருந்து ஆரம்பித்து மீதி முழுவதும் நியரில் வரும். கமாண்ட் லைனில் வேலை செய்கிறீர்கள் என்றால் பிழையே வராது, ப்ராம்ப்ட் '> என்று மாறி அடுத்த வரிக்காகக் காத்திருக்கும். அப்போது மேற்கோளை மூடி, பின்சாய்வுக் கோடும் சி எழுத்தும் தட்டினால் வெளியே வரலாம். மேற்கோளை மூடாமல் தட்டினால் அதையும் சரத்தின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும்.

க்வெரியின் நடுவில் ஒரு மேற்கோள் விட்டுப்போவதுதான் மோசமானது:

வேர் ஊர் = 'மதுரை அண்ட் நிலை = 'பழையது'

இங்கே 'மதுரை அண்ட் நிலை = ' என்பது முழுவதும் ஒரே சரமாகிவிட்டது. 'பழையது' வெளியே தனியாக நிற்கிறது, பிழையும் அங்கே வருகிறது. நிறம் காட்டும் எடிட்டரில் ஒட்டிப் பாருங்கள். அண்ட் என்ற சொல் சரத்தின் நிறத்தில் தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது.

எப்போதும் லைன் 1 என்றே வருகிறதே?

அந்த எண் உங்கள் நிரல் கோப்பின் வரி எண் இல்லை, சர்வருக்குப் போன க்வெரிக்குள் இருக்கும் வரி எண். நிரல் முழு க்வெரியையும் ஒரே வரியாக அனுப்பினால் எல்லாப் பிழையும் லைன் 1-இல்தான் இருக்கும். பெரிய க்வெரிகளைப் பல வரிகளாக உடைத்து எழுதினால் இந்த எண் பயன்பட ஆரம்பிக்கும்.

கமாண்ட் லைனில் டம்ப் கோப்பை (டேட்டாபேஸின் நகலைக் கட்டளைகளாகச் சேமித்த கோப்பு) ஏற்றும்போது இரண்டு வரி எண்கள் வரும், பலருக்கு இதுவும் குழப்பம். பிழை எண்ணை ஒட்டி வருவது அந்தக் கட்டளை கோப்பில் எந்த வரியில் ஆரம்பிக்கிறது என்பது. கடைசியில் வருவது அந்தக் கட்டளைக்குள் எத்தனையாவது வரி என்பது. முதலாவது 57, இரண்டாவது 3 என்றால் கோப்பின் 59-ஆவது வரிக்குப் போங்கள்.

'சின்டாக்ஸ் எரர் ஆர் ஆக்சஸ் வயலேஷன்' என்று வருகிறது. அனுமதிப் பிரச்சினையா?

பிஹெச்பி-யில் டேட்டாபேஸோடு பேச உதவும் பிடிஓ வழியாக வேலை செய்பவர்கள், குறிப்பாக லாரவெல் ஃப்ரேம்வொர்க் பயன்படுத்துபவர்கள், இந்த வாக்கியத்தைப் பார்த்துவிட்டு யூசருக்கு க்ராண்ட் (அனுமதி) கொடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். 42000 என்ற எஸ்கியூஎல்ஸ்டேட் வகையே அப்படிப்பட்டது: சின்டாக்ஸ் பிழையும் அனுமதிப் பிழையும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. பெட்டியின் பெயரைத்தான் அந்த வாக்கியம் சொல்கிறது. அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். 1064 என்றால் சின்டாக்ஸ். 1142 என்றால் டேபிளுக்கு அனுமதி இல்லை. 1044 என்றால் அந்த டேட்டாபேஸுக்கே அனுமதி இல்லை.

பழைய சர்வரில் ஓடிய அதே க்வெரி புது சர்வரில் ஓடவில்லையே?

இந்தக் கேள்வி அதிகம் வருவது 5.7-லிருந்து 8.0-க்கு மாறியவர்களிடமிருந்து. 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்தது. அதனால் நிறைய நிறுவனங்கள் அவசரமாக மாறின, மாறிய கையோடு 1064-ஐச் சந்தித்தன.

முதல் சந்தேகம் ரிசர்வ்டு சொற்கள் மீது, அதாவது மேற்கோள் இல்லாமல் பெயராக வைக்க முடியாத சொற்கள் மீது, விழ வேண்டும். 8.0-இல் விண்டோ ஃபங்ஷன்கள் வந்தபோது ரேங்க், ரோஸ், க்ரூப்ஸ், விண்டோ, லீட், லேக், ஓவர், ரோ_நம்பர் எல்லாம் ஒதுக்கப்பட்ட சொற்களாகிவிட்டன. சிஸ்டம், ஃபங்ஷன், எம்ப்டி, லேட்டரல் ஆகியவையும் சேர்ந்தன. நம் ஊர்ப் பள்ளி, கல்லூரி மென்பொருள்களில் மதிப்பெண் டேபிளில் ரேங்க் என்று ஒரு ஃபீல்டு இல்லாமல் இருக்காது. ஆண்டுக்கணக்காக ஓடிய க்வெரி அந்தச் சொல்லால் நின்றுவிடும். பேக்டிக் குறிக்குள் `ரேங்க்` என்று போட்டால் சரியாகிவிடும். டேபிள் பெயரோடு புள்ளி வைத்து மதிப்பெண்.ரேங்க் என்று எழுதினாலும் போதும், ஏனென்றால் புள்ளிக்குப் பிறகு வருவது பெயராகத்தான் இருக்க முடியும் என்று பார்சருக்குத் தெரியும். அதனால்தான் ஒரே ஃபீல்டு ஒரு க்வெரியில் ஓடுகிறது, இன்னொன்றில் ஓடவில்லை என்ற விசித்திரம் நடக்கிறது.

ஒதுக்கப்பட்ட சொற்களின் பட்டியல் 8.0 சர்வருக்குள்ளேயே இருக்கிறது. இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவில் கீவேர்ட்ஸ் என்ற டேபிளில் ரிசர்வ்டு = 1 என்று தேடினால் உங்கள் பதிப்புக்கான முழுப் பட்டியல் கிடைக்கும். மாறுவதற்கு முன்பே உங்கள் ஃபீல்டு பெயர்களை அதோடு ஒப்பிட்டுவிடுங்கள், இதை எத்தனை அழுத்திச் சொன்னாலும் தகும்.

அடுத்தது, நீக்கப்பட்ட எழுத்துமுறைகள். க்ராண்ட் கட்டளைக்குள்ளேயே 'ஐடென்டிஃபைடு பை' போட்டுப் புது யூசரை உருவாக்கும் பழக்கம் 8.0-இல் செல்லாது. முதலில் கிரியேட் யூசர், அப்புறம் க்ராண்ட். பாஸ்வேர்டு() ஃபங்ஷனும் 8.0.11-இல் போய்விட்டது. இன்னும் பழைய டம்ப் கோப்புகளில் டேபிளின் கடைசியில் 'டைப்=மைஐசாம்' என்று இருக்கும். 5.5-லிருந்து அது எஞ்சின்= என்று இருந்தாக வேண்டும்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். உங்கள் கணினியில் 8.0, வாடிக்கையாளரின் சர்வரில் 5.7. 'ரோ_நம்பர்() ஓவர் (பார்ட்டிஷன் பை...' என்று எழுதினால் அங்கே நியர் '(பார்ட்டிஷன் பை' என்று வரும். ஓவர் என்ற சொல்லை ஏலியஸாக எடுத்துக்கொண்டு, அடைப்புக்குறியில் வந்து நின்றிருக்கிறது, மேலே பார்த்த அதே கதைதான். வித் போட்டு ஆரம்பிக்கும் சிடிஇ-யும் (பெயர் வைத்த தற்காலிகத் துணைக் க்வெரி) மைஎஸ்கியூஎல்லில் 8.0 முதலும் மரியாடிபி-யில் 10.2 முதலும்தான்.

மரியாடிபி-யும் மைஎஸ்கியூஎல்லும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க: ஆல்டர் டேபிளில் 'ஆட் காலம் இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ்' மரியாடிபி-யில் ஓடும், மைஎஸ்கியூஎல்லில் 1064. இன்சர்ட்டின் கடைசியில் ரிட்டர்னிங் போடுவதும் அப்படியே. எந்த சர்வரில் இருக்கிறோம் என்ற சந்தேகம் வந்தால் செலக்ட் வெர்ஷன்() போட்டுப் பாருங்கள்.

பேக்டிக், ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள்: எதை எங்கே போடுவது?

பெயர்களுக்கு பேக்டிக், மதிப்புகளுக்கு ஒற்றை மேற்கோள். இன்சர்ட் இன்டு 'மாணவர்' என்று டேபிள் பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் போட்டால் 1064 வரும். இரட்டை மேற்கோளை மைஎஸ்கியூஎல் இயல்பாக மதிப்பாக எடுத்துக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ்ஸும் ஆரக்கிளும் பெயராக எடுத்துக்கொள்ளும். அதனால் மதிப்புகளுக்கு இரட்டை மேற்கோள் போடும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது, நாளைக்கு வேறு டேட்டாபேஸுக்குப் போகும்போது தலைவலி குறையும்.

பெயரில் நடுக்கோடு இருந்தாலும் பேக்டிக் வேண்டும். கிரியேட் டேட்டாபேஸ் பள்ளி-தரவு என்றால் நியர் '-தரவு' என்று வரும், ஏனென்றால் அதைக் கழித்தல் குறியாகப் படிக்கிறது. பெயர் வைக்கும்போதே அடிக்கோடு போட்டுவிடலாம்.

கண்ணுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் ஓடவில்லை. என்ன செய்வது?

க்வெரியை எங்கிருந்து காப்பி செய்தீர்கள்? வாட்ஸ்அப், வேர்டு, மின்னஞ்சல், ஏதாவது வலைப்பக்கம் என்றால், கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்று கூடவே வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்று ஆட்கள் இதில் வழக்கமாக மாட்டுவார்கள். முதலாவது, வளைந்த மேற்கோள். வேர்டு தானாகவே நேர் மேற்கோளை அழகுபடுத்தி ‘ ’ என்று மாற்றிவிடும். மைஎஸ்கியூஎல்லுக்கு இது மேற்கோளே இல்லை, பெயரில் வரக்கூடிய சாதாரண எழுத்து. ஆகவே வேர் பெயர் = ‘குமார்’ என்றால் 1064 வராது, '‘குமார்’ என்று ஒரு ஃபீல்டே இல்லை' என்று 1054 வரும். அதுவே ‘குமார் ராஜா’ என்று நடுவில் இடைவெளி இருந்தால் 'ராஜா’' என்ற இடத்தில் 1064 வரும். ஒரே தப்பு, மதிப்பைப் பொறுத்து இரண்டு விதமான பிழை.

இரண்டாவது, உடையாத இடைவெளி. யூனிகோடில் யூ+00ஏ0. திரையில் சாதாரண இடைவெளி போலவே இருக்கும். ஆனால் யூ+0080 முதல் யூ+எஃப்எஃப்எஃப்எஃப் வரையுள்ள எழுத்துகளை மேற்கோள் இல்லாத பெயர்களிலும் மைஎஸ்கியூஎல் அனுமதிக்கிறது. நம்மால் தமிழில் டேபிள் பெயர் வைக்க முடிவதும் இதே விதியால்தான். அந்த விதிப்படி செலக்ட் என்ற சொல்லோடு இந்த இடைவெளி ஒட்டிக்கொண்டு, இரண்டும் சேர்ந்து ஒரு புதுப் பெயராகிவிடுகிறது. க்வெரியின் முதல் சொல்லிலிருந்தே முழுசாக நியரில் வந்து, அந்த முதல் சொல் சரியாகவும் இருந்தால், முதலில் இந்த இடைவெளியைச் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது, அகலமே இல்லாத எழுத்துகள்: யூ+200பி, யூ+200சி, கோப்பின் தொடக்கத்தில் வரும் பாம் எனப்படும் யூ+எஃப்இஎஃப்எஃப். தமிழில் தட்டுபவர்களுக்கு யூ+200சி அந்நியமானது இல்லை, க் எழுத்தும் ஷ எழுத்தும் க்ஷ என்று சேராமல் தனித்தனியாகத் தெரிவதற்கு அதைத்தான் போடுகிறோம். மேற்கோளுக்குள் இருக்கும் தரவில் அது இருந்தால் சின்டாக்ஸுக்கு ஒன்றும் ஆகாது. ஃபீல்டு பெயரில் ஒளிந்திருந்தால் மட்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இரண்டு பெயர்கள் உருவாகிவிடும்.

கண்டுபிடிக்க எளிய வழி, க்வெரியைக் கையாலேயே மறுபடி தட்டுவது. அப்போது ஓடினால் காரணம் உறுதி. எந்த எழுத்து என்று தெரிய வேண்டுமானால் ஹெக்ஸ் காட்டும் எடிட்டரில் பாருங்கள். யூடிஎஃப்-8-இல் உடையாத இடைவெளி சி2 ஏ0 என்றும், யூ+200பி என்பது இ2 80 8பி என்றும், பாம் என்பது இஎஃப் பிபி பிஎஃப் என்றும் தெரியும். விஎஸ் கோடில் இப்படிப்பட்ட எழுத்துகளைச் சுற்றித் தானாகவே கட்டம் போட்டுக் காட்டும் வசதி 2021 இறுதியிலிருந்து இருக்கிறது. அந்தக் கட்டத்தை அலட்சியம் செய்யாதீர்கள்.

சில பெயர்களைச் சேமிக்கும்போது மட்டும் பிழை வருகிறதே?

டிசூசா என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது டி எழுத்துக்குப் பிறகு மேல் காற்புள்ளி வரும். அதுவும் ஒற்றை மேற்கோளும் ஒரே குறி. வேல்யூஸ் ('டி'சூசா') என்று க்வெரி போனால் சரம் டி-யிலேயே முடிந்துவிடும், நியர் 'சூசா')' என்று வரும்.

இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பயனர் தட்டியது உங்கள் க்வெரியின் இலக்கணத்தையே மாற்றுகிறது என்றால், கெட்ட எண்ணம் உள்ள ஒருவர் தட்டுவதும் மாற்றும். எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் நடப்பது சரியாக இந்த ஓட்டை வழியாகத்தான். பெயரிலிருந்து மேல் காற்புள்ளியை நீக்குவதோ, 'சிறப்புக் குறிகள் வேண்டாம்' என்று பயனருக்குச் சொல்வதோ தீர்வாகாது. ஒருவருடைய பெயரை அவர் எழுதுகிறபடி சேமிக்க வேண்டியது நம் பொறுப்பு. பிரிபேர்டு ஸ்டேட்மென்ட் பயன்படுத்துங்கள்: க்வெரி தனியாகவும் மதிப்புகள் தனியாகவும் கையாளப்படும், மதிப்பு இலக்கணத்தைத் தொடவே முடியாது. கையால் ஒரே ஒரு முறை ஓட்ட வேண்டுமென்றால் அந்த மேற்கோளை இரண்டு முறை எழுதினால் போதும்.

பிரிபேர்டு ஸ்டேட்மென்ட் போட்டும் 1064 வருகிறது. ஏன்?

பிரிபேர்டு ஸ்டேட்மென்டில் மதிப்புக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறி வைப்போம், அதை மதிப்பு வரும் இடத்தில் மட்டும்தான் வைக்க முடியும். டேபிள் பெயர், ஃபீல்டு பெயர், ஏறுவரிசையா இறங்குவரிசையா என்பது, இவற்றை பைண்ட் செய்ய, அதாவது கேள்விக்குறியில் பொருத்த, முடியாது. நீங்களே அனுமதித்த பெயர்களின் பட்டியல் ஒன்றை நிரலில் வைத்துக்கொண்டு, அதில் இருந்தால் மட்டும் க்வெரியில் சேருங்கள்.

நியர் ''10'' என்று மேற்கோளோடு ஓர் எண் வந்தால், அது பிடிஓ-வில் லிமிட் பிரச்சினை. எமுலேஷன் (மதிப்புகளை சர்வருக்குத் தனியாக அனுப்பாமல் பிடிஓ-வே க்வெரியில் ஒட்டி அனுப்புவது) இயங்கும்போது, எக்ஸிக்யூட்டுக்கு நேரடியாக அனுப்பும் மதிப்புகள் எல்லாம் சரமாகவே போகும், லிமிட் '10' என்பதை மைஎஸ்கியூஎல் ஏற்காது. பைண்ட்வேல்யூவில் அது முழு எண் என்று குறிப்பிட்டுவிடுங்கள்.

இன் () என்று காலியான அடைப்புக்குறி போனாலும் 1064 வரும். பயனர் எதையும் தேர்ந்தெடுக்காத நாளில்தான் இது தலைகாட்டும். பட்டியல் காலி என்றால் க்வெரியையே ஓட்ட வேண்டாம்.

வொர்க்பெஞ்சில் ஓடுகிறது, நிரலில் ஓடவில்லையே?

ஸ்டோர்டு ப்ரொசீஜர் (சர்வரிலேயே சேமித்து வைக்கும் கட்டளைத் தொகுப்பு) என்றால் டெலிமிட்டர் வரியைப் பாருங்கள். டெலிமிட்டர் என்பது எஸ்கியூஎல் கட்டளையே இல்லை. வொர்க்பெஞ்ச், பிஹெச்பிமைஅட்மின், கமாண்ட் லைன் கிளையண்ட் போன்ற கருவிகள் தாங்களே புரிந்துகொள்ளும் குறிப்பு அது, சர்வருக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. நிரலிலிருந்து அனுப்பும்போது அந்த வரிகளை எடுத்துவிட்டு, கிரியேட் ப்ரொசீஜர் முதல் எண்ட் வரை ஒரே கட்டளையாக அனுப்புங்கள்.

இன்னொரு காரணம், ஒரே அழைப்பில் இரண்டு கட்டளைகள். பிஹெச்பி-யின் மைஎஸ்கியூஎல்ஐ_க்வெரி ஒன்றைத்தான் ஏற்கும், இரண்டாவது கட்டளையின் முதல் சொல்லில் பிழை காட்டும். ஜாவாவின் டேட்டாபேஸ் இணைப்பான ஜேடிபிசி-யில் அலவ்மல்டிக்வெரிஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைத் திறந்துவிட்டால் இன்ஜெக்ஷன் செய்பவருக்கும் கதவு அகலமாகும், தனித்தனியாக அனுப்புவதே நல்லது.

இரண்டுமே இல்லையென்றால் நிரலில் எழுதியதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, சர்வருக்குப் போன இறுதி க்வெரியை லாகில் எழுதிப் படியுங்கள். இரண்டும் ஒன்றுதான் என்று நம்பிக்கொண்டிருக்கும்வரை விடை கிடைக்காது.

கவுண்ட் (*) என்பதில் என்ன தப்பு?

இடைவெளி. மைஎஸ்கியூஎல்லில் கவுண்ட், சம், மேக்ஸ் போன்ற உள்ளமைந்த ஃபங்ஷன்களின் பெயரை ஒட்டியே அடைப்புக்குறி வர வேண்டும். கருத்துக் குறிப்பில் நேர் எதிர்: இரட்டைக் கோட்டுக்குப் பிறகு இடைவெளி கட்டாயம், இல்லையென்றால் இரண்டு கழித்தல் குறிகளாகப் படிக்கும்.

வேர் என்ற சொல்லிலேயே பிழை காட்டுகிறதே?

ஆர்டர் பை-க்குப் பிறகு வேர் எழுதியிருப்பீர்கள். வரிசை மாறாது: செலக்ட், ஃப்ரம், ஜாயின், வேர், க்ரூப் பை, ஹேவிங், ஆர்டர் பை, லிமிட்.

மற்ற டேட்டாபேஸ்களில் இதே பிழை எப்படி இருக்கும்?

போஸ்ட்கிரெஸ் கொஞ்சம் கருணை காட்டும். 42601 என்ற குறியீட்டோடு வரியைக் காட்டி, நின்ற எழுத்துக்கு நேர் கீழே ஒரு கூரைக் குறியும் வைக்கும். இடதுபக்கம் பார்க்கும் விதி அங்கேயும் செல்லும். எஸ்கியூஎல் சர்வரில் 102, 156 என்ற எண்கள் வரும். அங்கே லிமிட் கிடையாது, டாப் அல்லது 2012 பதிப்பில் வந்த ஆஃப்செட்-ஃபெட்ச்தான். வித் என்ற சொல்லில் 319 வந்தால், சிடிஇ-க்கு முந்தைய கட்டளையை அரைப்புள்ளி போட்டு முடிக்கவில்லை என்று பொருள். ஆரக்கிள் 19சி-யில் டேபிள் ஏலியஸுக்கு முன் ஏஸ் போடக் கூடாது, மைஎஸ்கியூஎல்லிலிருந்து போகிறவர்கள் எல்லோரும் இதில் மாட்டுகிறார்கள். எஸ்கியூலைட் இரட்டைச் சமன் குறியையும் காலி இன் ()-ஐயும் ஏற்கும், அதில் சோதித்துவிட்டு மைஎஸ்கியூஎல்லுக்குக் கொண்டுவந்தால் இரண்டும் உடையும்.

க்வெரி 200 வரி இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒவ்வொரு பகுதியையும் தனி வரியில் வைத்து முதலில் ஒழுங்குபடுத்துங்கள். பாதித் தப்புகள் அப்போதே கண்ணில் பட்டுவிடும். அப்புறம் உள்ளே இருக்கும் துணைக் க்வெரிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தனியாக ஓட்டுங்கள். அவை எல்லாம் ஓடினால், வெளிக் க்வெரியின் ஃபீல்டு பட்டியலுக்குப் பதிலாக வெறும் 1 என்று போட்டு ஓட்டுங்கள். பிழை போய்விட்டால் பட்டியலில் இருக்கிறது, போகவில்லையென்றால் ஜாயினிலோ நிபந்தனையிலோ இருக்கிறது. பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் 200 வரியும் சீக்கிரம் ஒரு வரிக்கு வந்துவிடும்.

அப்டேட், டெலீட் என்றால் ஓர் எச்சரிக்கை. பிழை இருக்கும்வரை அந்தக் கட்டளை எதையும் தொடாது. பிழையைத் திருத்திய அந்த முறை நிஜமாகவே ஓடிவிடும், நீங்கள் சோதனைக்காக வேர் பகுதியை எடுத்திருந்தாலும் ஓடிவிடும். கட்டளைக்கு முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் சேர்த்துச் சோதியுங்கள். 5.6 முதல் அப்டேட்டுக்கும் டெலீட்டுக்கும் அது வேலை செய்கிறது, சின்டாக்ஸைப் பார்க்கும், தரவைத் தொடாது.

டம்ப் கோப்பு பாதியில் நின்றால், அதற்கு முந்தைய கட்டளைகள் ஏற்கெனவே ஓடி முடிந்திருக்கும். திரும்ப முதலிலிருந்து ஏற்றினால் 'டேபிள் ஏற்கெனவே இருக்கிறது' என்று 1050 வரலாம். அது புதுப் பிரச்சினை இல்லை.

பிழையே வரவில்லை, ஆனால் விடை தப்பு. இதுவும் சின்டாக்ஸா?

பல சமயம் ஆமாம், இதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துவது. செலக்ட் பெயர் ஊர் ஃப்ரம் மாணவர் என்று காற்புள்ளி இல்லாமல் எழுதினால் எந்தப் பிழையும் வராது. 'ஊர்' என்பது 'பெயர்' ஃபீல்டின் ஏலியஸாகிவிடும், ஊர் என்ற தலைப்பின் கீழ் ஆட்களின் பெயர்கள் வரும். அறிக்கையில் அப்படியே போய்விட்டால் யார் எப்போது கவனிப்பார்கள் என்று சொல்ல முடியாது. போஸ்ட்கிரெஸ்ஸில் யூசர் என்று டேபிள் வைத்துவிட்டு, மேற்கோள் இல்லாமல் செலக்ட் * ஃப்ரம் யூசர் என்றால், டேபிளில் இருப்பது வராது, இப்போது இணைந்திருக்கும் யூசரின் பெயர் ஒரு வரியாக வரும். ஏலியஸ் வைக்கும்போதெல்லாம் ஏஸ் எழுதுவதைப் பழக்கமாக்கிக்கொண்டால், ஏஸ் இல்லாத இடம் காற்புள்ளி விட்டுப்போன இடமாகக் கண்ணில் படும்.

இன்னொருவரிடம் உதவி கேட்கும்போது என்னென்ன கொடுக்க வேண்டும்?

சர்வர் பதிப்பு, பிழைச் செய்தி முழுசாக, சர்வருக்குப் போன இறுதி க்வெரி, ஷோ கிரியேட் டேபிள் காட்டும் அமைப்பு. ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பாமல் எழுத்தாகவே அனுப்புங்கள், படத்தில் மேற்கோள் வளைந்ததா நேரானதா என்று தெரியாது. தொலைபேசி எண், ஆதார் எண், உண்மையான பெயர்கள் இருந்தால் அவற்றை மட்டும் மாற்றுங்கள், சுற்றியுள்ள குறிகளைத் தொடாதீர்கள். க்வெரியைப் புதிதாகத் தட்டி அனுப்பினால் ஒளிந்திருந்த எழுத்து போய்விடும், அவருடைய கணினியில் எல்லாம் சரியாக ஓடும், உங்களுடையதில் பிழை அப்படியே இருக்கும்.